தட்டச்சு: செண்பகவல்லி

உட்காருங்கள். ஜன்னல் பக்கம் எனக்கு. ஏறுவதற்கு முன்னாலேயே துண்டு போட்டுவிட்டேன், பார்த்தீர்கள் அல்லவா.

திருச்சிதானே? நல்லது. நான் அதற்கு முன்னால் பால்பண்ணை ஸ்டாப்பில் இறங்க வேண்டும். தூங்கிவிட்டால் எழுப்புங்கள். தூங்க மாட்டேன், சும்மா சொன்னேன்.

இந்த வண்டியை 7.55-க்கு எடுத்திருக்க வேண்டும். இப்போது மணி என்ன? எட்டு மூன்று. எட்டு நிமிஷம் போச்சு. கேட்க ஆள் இல்லை. இதே மன்னார்குடி ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். வண்டி வந்த நேரம், எடுத்த நேரம், நோட்டில் எழுதுவது என் வேலை. நான் விசில் ஊதினால் டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார். வைரக்கண்ணு என்றால் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்காது. பரவாயில்லை. இப்போது யாருக்குமே தெரியவில்லை. என் பெண்டாட்டியைத்தான் தெரிகிறது.

ஏறினதிலிருந்து போனையே பார்க்கிறீர்களே, ஃபேஸ்புக்கா? 'திரையும் திட்டும்' குழுவில் இருக்கிறீர்களா? இல்லையா? சரி. அப்படியென்றால் சொல்லலாம்.

அது ஒரு குழு. டிவி, சினிமா, செல்போன் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். திட்டலாம், பாராட்டலாம். ஜாதி, கட்சி மட்டும் கூடாது. பதினோராயிரம் பேர். அட்மின் குலோத்துங்கன் என்று திருச்சியில் ஒரு ஹோமியோபதி டாக்டர். அந்தக் குழுவில் முதலில் சேர்ந்தது நான். அவள் இல்லை, நான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 'செல்போனும் சீரழிவும்' என்று தொடர் எழுதினேன். பதினாறு பாகம். ஒவ்வொன்றும் போனில் தள்ளித் தள்ளிப் படித்தால் ஏழெட்டுத் தள்ளு வரும். அவ்வளவு விஷயம். எழுதினேன் என்றால் சொன்னேன். என் கட்டைவிரல் அந்த எழுத்துகளுக்கு ஒத்து வராது. க-வைத் தொட்டால் ங விழும். அதனால் நான் கூடத்தில் நடந்துகொண்டே சொல்வேன். அவள் கீரை ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு அடிப்பாள். ரெண்டு கட்டைவிரலும் பார்க்கவே முடியாத வேகத்தில் போகும். டைப்ரைட்டிங் படித்தவள். தமிழ் ஹையர், முதல் வகுப்பு. கல்யாணமாகி மூணாம் வருஷம் திருவாரூரில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர்கூட வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். அது கிடக்கட்டும்.

லைக் எத்தனை வந்தது என்கிறீர்களா? மூன்று. சில நாள் நான்கு. ஒன்று என் மாப்பிள்ளை போடுவது. ஒன்று அட்மின், அவர் எல்லாருக்கும் போடுவார். மூன்றாவது நான்.

ஒன்பதாம் பாகம் ரீல்ஸ் பற்றி. ஒரு நிமிஷப் படங்களைப் பார்த்துப் பொழுதைக் கழிப்பவன் மனிதனே அல்ல என்று முடித்திருந்தேன். போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், நானூற்றுப் பன்னிரண்டு லைக்.  சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய் நாலு பேரிடம் காட்டினேன். கடைசியில் நாட்டுக்குப் புரிந்துவிட்டது என்றேன். அதில் ஒருத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரிக்கிறார்.

கீழே ஒரு வரி இருந்திருக்கிறது. நான் சொல்லாத வரி.

'இதைச் சொன்னவர் நடுவில் இரண்டு முறை நின்று, யானையைக் குளிப்பாட்டும் ஒரு நிமிடப் படத்தைப் பார்த்தார். தட்டச்சு: செண்பகவல்லி.'

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"என்னடி இது?"

"ஆபீஸ்ல லெட்டர் அடிச்சா கீழ அடிச்சவங்க பேர் போடணும்ங்க. எங்க இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"பேரைப் போடு. கதை எதுக்கு?"

"யானையைப் பாத்தீங்களா, இல்லையா?"

பார்த்தேன். அது வேறு விஷயம்.

அடுத்தடுத்த பாகங்களுக்குக் கீழேயும் இப்படி ஒரு வரி சேர்த்தாள். லைக் என் பேரில்தானே விழுகிறது, விழட்டும் என்று விட்டேன். அதுதான் தப்பு. பன்னிரண்டாம் பாகத்துக்குக் கீழே ஒருத்தன் எழுதுகிறான், 'புதிதாக வருபவர்களுக்கு: மேலே இருப்பதைத் தாண்டி நேராகக் கீழே போங்கள், தட்டச்சு அம்மா அங்கேதான் இருக்கிறார்.' மேலே இருப்பது யார்? நான். நான் என்ன வேகத்தடையா, தாண்டிப் போவதற்கு?

பதினாறாம் பாகத்தோடு எல்லாரும் சேர்ந்து அவளைத் தனியாக எழுதச் சொல்லிவிட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. 'தட்டச்சு செண்பகவல்லி' என்று தனிக் கணக்கு. காலையில் நாலு வரி. நாலே வரி! ஒரு நாள் எழுதுகிறாள், 'எங்கள் வீட்டு ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை உண்டு, ரப்பர் பேண்ட் உண்டு. என்னைக்கூட இவர் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை.' இன்னொரு நாள், 'சீரியலில் மாமியார் முறைக்கத் தொடங்கினாள். நான் போய்ப் பால் காய்ச்சி இறக்கிவிட்டு வந்தேன். இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.' இதற்கு ஆயிரத்து இருநூறு பேர் சிரிப்பு மூஞ்சி போடுகிறார்கள். இதில் என்ன கருத்து இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். சமுதாயத்துக்கு என்ன சொல்ல வருகிறாள்? ரிமோட்டுக்கு உறை போடாவிட்டால் பட்டனில் எண்ணெய் இறங்காதா?

சிரிக்காதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஒருத்தர் எழுதுகிறார், 'தினமும் உங்கள் எழுத்தில்தான் கண் விழிக்கிறேன் அம்மா.' ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊசி போடுகிற பெண், "நீங்க செண்பகவல்லி அம்மா வீட்டுக்காரர்தானே? அந்த யானை..." என்று ஆரம்பிக்கிறாள். என் ரத்தத்தை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சர்க்கரை அன்றைக்கு ஏறித்தான் இருந்தது.

வடுவூர் வந்துவிட்டதா? ம்.

எனக்கு அடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போச்சு. கேட்டால், "நீங்களே பேசுங்க, போனே அடிச்சுக்கும்" என்று மைக் படத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். சரி, பேசினேன். 'இளைஞர்களே, விழித்தெழுங்கள்' என்று கூடம் அதிரப் பேசினேன். அது 'இளநீர்களே, விழித்தெழுங்கள்' என்று அடித்துக்கொண்டது. கண்ணாடி போடாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

அறுநூற்று நாற்பது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் நானே யோசித்து, 'மாங்கொட்டைகளே, சிந்தியுங்கள்' என்று போட்டேன். ரெண்டு லைக். 'பெரியவர் மரியாதையாக எழுத வேண்டும்' என்று ஒருத்தன் புத்தி சொல்கிறான். அவளுக்கு வருகிற சிரிப்பு எங்கிருந்து வருகிறதென்றே புரியவில்லை சார். முப்பத்தொன்பது வருஷம் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளும் தமாஷாகப் பேசி நான் கேட்டதில்லை. அல்லது பேசினாளோ என்னவோ, நான் அப்போது பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு ஒன்று செய்தேன். உங்களிடம் சொல்கிறேன், வெளியே போகக் கூடாது. ரீசார்ஜ் கடையில் சொல்லி இன்னொரு கணக்கு ஆரம்பித்தேன். வேறு பேரில். 'பட்டவர்த்தனன்.' நல்ல பேர் அல்லவா? எதையும் பட்டவர்த்தனமாகச் சொல்கிறவன். ஒரு துப்பும் விடவில்லை. என் படம் இல்லை, ஊர் இல்லை. படத்துக்கு ஒரு மணிக்கூண்டு வைத்தேன். எழுதி முடித்தால் கீழே மணி போடுவேன், ரயில்வே கணக்கில். அது இருபத்தாறு வருஷத்துக் கைப்பழக்கம், அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? எழுத்துகளை ஒவ்வொன்றாக நானே குத்திக் குத்தி அடித்தேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம்.

முதல் நாள் அவள் பதிவுக்குக் கீழே எழுதினேன், 'அம்மணி, அடுப்படியில் வேலை இல்லையா? 06.40.'

உடனே பதில். 'இருக்கிறது ஐயா. உப்புமா கிண்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.'

பார்த்தீர்களா? முன்பின் தெரியாதவனுக்கு உப்புமா! 'ஐயா'வாம்! என்னை என்றைக்காவது ஐயா என்றிருக்கிறாளா? எங்கள் வீட்டிலும் அன்றைக்கு உப்புமாதான். நான் போனை வைத்துவிட்டுப் போவதற்குள் ஆறிவிட்டது.

விடுவேனா? தினமும் எழுதினேன். எழுத்துப் பிழை கண்டுபிடித்தேன். 'நேற்று சீரியல் பற்றி எழுதியதற்கும் இன்றைக்கு எழுதியதற்கும் முரண்பாடு இருக்கிறது' என்றேன். போன மாதம் எழுதியதைத் தோண்டி எடுத்து இதற்கு என்ன பதில் என்றேன். அவளுடைய ரசிகர்கள் என்னைக் கண்டபடி திட்டினார்கள். அவள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் போட்டாள். 'நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் ஐயா, திருத்திக்கொள்கிறேன்.' வீட்டில் நான் ஒன்று சொன்னால் "சரி சரி" என்று போகிறவள். அவனிடம் அவ்வளவு பணிவு. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே எரிந்தது.

ஆமாம் சார், நான்தான் அந்த ஆள். தெரியும். அவளுக்குத் தெரியாதே? அவளைப் பொறுத்தவரை அவன் வேறு ஆள்தானே? அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். 'இதெல்லாம் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறீர்களா? 07.15.'

அவள் எழுதினாள், 'ஒரு தடவை கேட்டேன் ஐயா, 1989-ல். வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு கேட்பதில்லை, சொல்லிவிடுகிறேன்.'

ரெண்டாயிரம் லைக். கோலாலம்பூர்க்காரர் கைதட்டுகிறார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் நான், அடுப்படி வாசலில் அவள். ரெண்டு பேர் கையிலும் போன். மதியம் அவனுக்கு எழுதுகிறாள், 'ஐயா, வெறும் வயிற்றில் விவாதம் வேண்டாம். அடுப்பு மேடையில் ரசம் சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரெண்டு கவளம் சாப்பிடுங்கள்.'

எழுந்து போய்ப் பார்த்தேன். ரசம் சூடாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன். எவனையோ சாப்பிடச் சொன்னாள், நான் சாப்பிட்டேன். இந்த நிலைமையை யாரிடம் போய்ச் சொல்வது?

தஞ்சாவூர். பத்து நிமிஷம் நிற்பான். தண்ணீர் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. எங்கே விட்டேன்? ரசம்.

அதற்கு மறுநாள் அவன் கேட்டான். சரி, நான் கேட்டேன். 'அந்த டைப்பிஸ்ட் வேலைக்கு விட்டிருந்தால் பெரிதாக என்ன செய்திருப்பீர்கள்? 17.50.' ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தேன்.

'ஒன்றும் பெரிதாக இல்லை ஐயா. தினமும் 8.10 திருவாரூர் வண்டியில் போயிருப்பேன். அந்த வண்டியை அனுப்புகிறவர் என் வீட்டுக்காரர்தான். விசில் ஊதும்போது ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக ஒரு மெல்லிய வாயில் சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.'

இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை.

முப்பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறவனிடம் சொல்லவில்லை. நேற்று முளைத்த ஒரு மணிக்கூண்டுக்காரனிடம் சொல்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? அந்த 8.10 வண்டி எப்போதும் கூட்டம் சார். ஜன்னலெல்லாம் கிடைத்திருக்காது. நின்றுகொண்டுதான் போயிருப்பாள். அதையும் யோசிக்க வேண்டும்.

ஊதியிருப்பேன். பார்த்தும் இருப்பேன். சும்மா பார்ப்பதில் என்ன இருக்கிறது.

அவனாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.  மணியை மட்டும் போட்டு அனுப்பினேன். 19.30. அதற்கு அவள் ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

இன்றைக்குக் குழுவுக்கு ஐந்தாம் ஆண்டு விழா. பால்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். அவள்தான் முக்கியப் பேச்சு. போன வாரம் வந்து சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை திருச்சி போறேங்க. வர்றீங்களா?"

"நான் எதுக்கு? உன் பையைத் தூக்கிட்டு வரவா?"

"பையை நானே தூக்கிக்குவேன். சும்மா வாங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

பாருங்கள், ரிட்டயர் ஆனவனைக் கேட்கிற கேள்வியா இது?  அன்று சாயங்காலமே அவனுக்கு எழுதுகிறாள், 'பட்டவர்த்தனன் ஐயா, நீங்கள் கட்டாயம் வரவேண்டும். முதல் வரிசையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்.'

எனக்கு 'சும்மா வாங்க'. அவனுக்குக் 'கட்டாயம் வரவேண்டும்', நாற்காலி!

காலையில் 5.50 வண்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இட்லி மூடி வைத்திருந்தாள். "வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க" என்றாள். எனக்கு எங்கே போக இருக்கிறது? கதவில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையில் அதை ஏன் அங்கே தொங்கவிட்டாள் தெரியவில்லை. கண்ணில் பட்டது, போட்டுக்கொண்டேன். இதுதான்.

எதற்குப் போகிறேன் என்கிறீர்களா? பார்க்கத்தான். பட்டவர்த்தனன் நான்தான் என்று எவனாவது வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால்? பேர்தானே, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவளும் நம்பி, கும்பிட்டு, உப்புமா சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அதை என்னால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு... முடியாது சார்.

செங்கிப்பட்டி தாண்டிவிட்டோமா? மணி பத்தேகால். லைவ் ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் போனில் போடுங்கள், என்னுடையதில் சத்தம் கம்மி. 'திரையும் திட்டும்', ஆமாம், அதுதான். பிடியுங்கள் இப்படி. வெயில் அடிக்கிறது, கொஞ்சம் சாயுங்கள்.

அதோ. பச்சைச் சேலை. அதுதான். பெண்ணுக்கு வளைகாப்பு போட்டபோது எடுத்தது. மைக் பிடிக்கத் தெரிகிறதே இவளுக்கு!

இது அட்மின். என்ன சொல்கிறார்? சத்தத்தைக் கூட்டுங்கள்.

"...நிறைய பேர் கம்ப்ளைண்ட் பண்ணியிருக்கீங்க. பட்டவர்த்தனன்ங்கறது போலிக் கணக்கு. அம்மா எது எழுதினாலும் வந்து நோண்டறார். இன்னைக்கு எல்லாரும் இருக்கோம். அவரைக் குழுவை விட்டு எடுத்துரலாமா? கை தூக்குங்க."

எத்தனை கை பாருங்கள். மண்டபம் முழுக்கக் கை. தூக்கட்டும், தூக்கட்டும். நல்லதுதான். ஒழிந்தான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. எடுத்துரலாம்தானே?"

"வேணாம் டாக்டர். அவரை எடுக்காதீங்க."

என்ன?

"ஏம்மா? உங்களைத்தானே தினம் திட்டறார்?"

"திட்டட்டும். தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்கள்லாம் லைக் போட்டுட்டுப் போயிடறீங்க. நான் எழுதறத ஒரு எழுத்து விடாமப் படிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். போன மாசம் எழுதினதைக்கூட ஞாபகம் வச்சிருக்கார். எனக்கு அது ரொம்ப நாளாக் கிடைக்காம இருந்தது."

"நாற்காலி காலியாவே இருக்கேம்மா. வரலியே அவர்?"

"வருவார். வண்டி லேட்டு."

கைதட்டுகிறார்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள்? நீங்கள் ஏன் சார் கண்ணைத் துடைக்கிறீர்கள்? வெயிலா? போனை அணையுங்கள். போதும்.

கேட்டீர்கள் அல்லவா? உங்கள் காதால் கேட்டீர்கள். நானும் ஒரு எழுத்து விடாமல்தானே படிக்கிறேன்? நான் படிக்காமல் அவன் எப்படிப் படிக்க முடியும்? என் பேரை ஒரு தடவை சொன்னாளா மேடையில்? அத்தனை பேர் கை தூக்கியும் அவனை விட்டுக்கொடுக்கவில்லையே! எனக்காக இப்படி ஒரு நாள் யாரிடமாவது பேசியிருப்பாளா?

என்ன சொல்கிறீர்கள்? அவளுக்குத் தெரியும் என்கிறீர்களா? எப்படித் தெரியும்? நான்தான் ஒரு துப்பும் விடவில்லையே. உங்களுக்கு அவளைத் தெரியாது. விடுங்கள்.

திருவெறும்பூர் போய்விட்டது. அடுத்தது பால்பண்ணைதான். எழுந்திருங்கள், கொஞ்சம் வழி விடுங்கள், முட்டி சட்டென்று மடங்காது.

வாசலில் பேர் எழுதி அட்டை மாட்டுவார்களாம். வைரக்கண்ணு என்று சொன்னால் எங்காவது கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியில் என்னை விடமாட்டார்கள். அவளே சொல்லியிருக்கிறாள், வேறு யாரையும் விடமாட்டேன் என்று. அதனால் அவன் பேரையே எழுதச் சொல்லப் போகிறேன். வேறு வழி?

போய் முதல் வரிசையில், அவளுக்கு நேர் எதிரில் உட்காருவேன். உட்கார்ந்துகொண்டு அவள் யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று பார்ப்பேன். என்னைப் பார்த்துப் பேசினால் சரி. அவனைப் பார்த்துப் பேசினாள் என்று வையுங்கள், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று கேட்டுவிடுவேன்.